இடதுகைக்காரன்

லாரி டயர்க் கடையில் அவளுக்குச் சம்மட்டி என்று பெயர். துருப்பிடித்து ரிம்மோடு ஒட்டிக்கொண்ட டயரை மற்றவர்கள் மாற்றி மாற்றி அடித்துக் களைத்துப்போய் உட்காரும்போது, அவள் வந்து சம்மட்டியை வாங்கி, இடம் பார்த்து இரண்டு போடு போடுவாள். டயர் கழன்று தரையில் உருளும். குத்துச்சண்டை மேடையிலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் அழைத்தார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை அவள் பட்டத்துக்காகச் சண்டை போட்டாள். கடைசி ரவுண்டில் தாடை உடைந்தது. பல் வரிசையைக் கம்பியால் சேர்த்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த வெல்டர் தினமும் பழச்சாறு வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். "வாயே தொறக்காத பொண்ணுன்னு நம்பி விழுந்துட்டேன். கம்பிய அவுத்த பிறகுதான் ஏமாந்தது தெரிஞ்சுது" என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். கல்யாணம், மகள், டயர்க் கடை என்று வருடங்கள் ஓடின. அந்தத் தோல்வி மட்டும் அவளுக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டும்போதுகூட அவளுடைய மற்றொரு கை தானாக இறுகி மூடியிருக்கும்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அவள் மறுபடியும் கையுறை மாட்டினாள். சிரித்தவர்களெல்லாம் சீக்கிரமே வாயை மூடிக்கொண்டார்கள். வரிசையாக ஜெயித்தாள். ஒருத்தியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. கடைசியில் பட்டத்துக்கான வாய்ப்பு வந்தபோது அதோடு ஒரு சிக்கலும் வந்தது. சாம்பியன் நெட்டைக்காரி. அதோடு இடதுகைக்காரி. வலதுகைக்காரர்களோடே பழகியவளுக்கு இடதுகைக்காரியின் அடி எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாது. பயிற்சிக்கு ஒரு இடதுகைக்காரி வேண்டும். இருந்த ஒருத்திக்கும் சம்மட்டி முதல் வாரமே விலா எலும்பை உடைத்துவிட்டாள்.

"இனிமே உன்கூட மேடை ஏற என் பொண்ணுங்க யாரும் தயாரா இல்லம்மா. மணல் மூட்டைய அடி, சுவத்த அடி. ஆளக் கேக்காத" என்று பயிற்சிக்கூடத்துக்காரர் கையை விரித்துவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெல்டர் தன் இடது கையை அவள் மூக்குக்கு முன்னால் நீட்டினான். வெல்டிங் பொறி பட்டுப் பட்டு முழங்கை வரை புள்ளி புள்ளியாகத் தழும்பு விழுந்த கை.

"இது எந்தக் கை?"

"சும்மா இருங்க."

"நான் இடது கைதானே? உயரமும் ஏறக்குறைய அவ உயரம்தான். என்னை அடி."

அடுப்படியிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். "ஊர்ல பொண்டாட்டி அடிக்கிறான்னு மறைப்பானுங்க. நீ கூப்பிட்டு வாங்குறியாடா?"

"நீ அடிச்சப்ப வாங்கலியாம்மா? பழகின உடம்புதான்."

வெல்டிங் பட்டறைக்குப் பின்னால் பழைய இரும்பு போட்டுவைக்கும் முற்றத்தைச் சுத்தம் செய்து, நான்கு குழாய் நட்டு, கயிறு கட்டினான். கைகளை எப்படி வைத்துக்கொள்வது, எந்தக் காலை முன்னால் வைப்பது என்று அவள் சொல்லிக்கொடுத்தாள். முதல் சில நாட்கள் அவள் கையை அடக்கித்தான் அடித்தாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றித் தரையில் எறிந்தான்.

"ஏன்டீ, குழந்தைக்குப் பவுடர் போடுறியா? அங்க அவ இப்படித்தான் தடவிக்கொடுப்பாளா? அடிக்கிறதா இருந்தா அடி. இல்லேன்னா விடு, எனக்கு கேட் வேலை கிடக்குது."

அவள் அடித்தாள். அவன் உட்கார்ந்துவிட்டான். வாயைத் துடைத்துப் பார்த்தான். பல்லில் ரத்தம். "ஆங்... இது அடி" என்றான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் வேலை முடிந்ததும் அதுதான். அவனும் சும்மா நிற்கவில்லை. சாம்பியனின் பழைய சண்டைகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்த்து, அவள் எப்படி முன்னால் நீட்டிய கையால் தட்டிவிட்டுப் பின்னால் இருக்கும் கையை இறக்குகிறாள் என்று கற்றுக்கொண்டு வந்து மனைவியின் மூக்கில் இறக்கினான். இரண்டு பேரும் முகம் வீங்கி, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு வீட்டுக்கு நடந்து வருவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. மகள் வகுப்பில், "எங்க அம்மா எங்க அப்பாவ தினமும் அடிப்பாங்க. அப்பாதான் இன்னும் அடி, இன்னும் அடின்னு சொல்வாரு" என்று சொல்லிவைக்க, ஆசிரியை இருவரையும் கூப்பிட்டு அனுப்பினாள். வெல்டர் கறுத்த கன்னத்தோடு போய் நின்று, "எங்க வீட்ல எல்லாம் சமாதானமாத்தான் இருக்கோம் டீச்சர்" என்றான். ஆசிரியை நம்பவில்லை.

சிரித்தாலும், அவன் உடம்பு தேய்ந்துகொண்டுதான் வந்தது. விலாவில் அடிபட்டுக் குனிந்து சாமான் எடுக்க முடியவில்லை. ஒரு காதில் இரைச்சல். ரொட்டியை மென்று விழுங்கவே நேரமானது. மாமியார் மகனுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டே மருமகளைப் பார்க்காமல் பேசுவாள்: "பெத்து வளத்தவ நான். அடிச்சு முடிக்கிறவ இன்னொருத்தி." சம்மட்டிக்கு வேறு எதுவும் காதில் விழாத காலம் அது. எடையைக் குறைக்கச் சாப்பாட்டைப் பாதியாக்கி, விடியும்முன் ஓடி, பகலெல்லாம் டயரோடு மல்லுக்கட்டி, சாயங்காலம் சண்டை. கனவில்கூடச் சாம்பியனின் தாடைதான் வந்தது.

சண்டை நெருங்க நெருங்க அவள் வலது கைக்கு உயிர் வந்துவிட்டது. இடதுகைக்காரியை வீழ்த்த அந்த வலதுகை நேர்க்குத்துதான் வழி. ஆரம்பத்தில் அவன் அதைத் தட்டிவிடுவான், முகத்தைத் திருப்பிக்கொள்வான். இப்போதோ விட்ட குத்தெல்லாம் போய் உட்கார்ந்தது. அவன் கண் இமைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

"எப்படி, வேகம்?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள்.

"வர்றதே தெரியலடீ" என்றான் அவன். அன்று இரவு அவள் சந்தோஷத்தில் தூங்கவில்லை.

முதலில் கண்டுபிடித்தது மாமியார்தான். மகன் தண்ணீர் ஊற்றினான். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் மேஜைமேல் கொட்டியது. அவன் அதைப் பார்க்கவே இல்லை. அவள் மெல்ல அவனுடைய இடது பக்கம் போய் நின்று முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். அவன் திரும்பவில்லை. மறு வார்த்தை பேசாமல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனாள்.

மத்தியானம் டயர்க் கடை வாசலில் மாமியார் வந்து நின்றபோது, சம்மட்டி ஒரு லாரிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். கிழவி வீட்டில் போடும் செருப்போடே வந்திருந்தாள். தரையில் கிடந்த டயர் நெம்பும் கம்பியை இரண்டு கையாலும் எடுத்தாள்.

"என் புள்ள கண்ணு போச்சுடீ!"

கம்பி உயர்ந்ததைச் சம்மட்டி பார்த்தாள். எத்தனையோ பேருடைய எத்தனையோ அடிகளிலிருந்து விலகியவள். இந்த அடி ஆமை வேகத்தில் வந்தது. அவள் விலகவில்லை. இடது தோளில் இறங்கியது. எலும்பில் இரும்பு பட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி புருவத்தைக் கிழித்தது. "உள்ள திரை கிழிஞ்சு தொங்குதாம். அடி வாங்கி வாங்கிக் கிழிஞ்சுதாம். ரொம்ப நாளாச்சாம். டாக்டர் என்னைத் திட்டுறாருடீ, என்னை! யாரும்மா இப்படி அடிச்சதுன்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்ல?" மூன்றாவது அடிக்குள் கடைக்காரர் ஓடிவந்து கிழவியை இடுப்போடு தூக்கிவிட்டார். அவள் காற்றில் காலை உதைத்துக்கொண்டு அழுதாள். சம்மட்டி எழுந்து, முகத்தில் வழிந்த ரத்தத்தோடு மருத்துவமனைக்கு நடந்தாள். பாதி வழியில் நடை ஓட்டமாகியது.

அதற்குள் அவனை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். சாயங்காலம் அது முடிந்த பிறகுதான் அவளைப் பார்க்கவிட்டார்கள். கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடித்து ஒட்டவைக்க வேண்டுமென்றால் பல நாட்கள் குப்புறப் படுத்தே கிடக்கவேண்டும். வெல்டர் கட்டிலில் குப்புறக் கிடந்தான். முகம் வைக்க நடுவில் ஓட்டை விட்ட தலையணை. பேச்சு தரையை நோக்கிப் போயிற்று.

"வந்துட்டியா? செருப்புச் சத்தத்துலயே தெரிஞ்சுது."

"எப்பலேருந்து?"

"என்ன எப்பலேருந்து?"

"எப்பலேருந்து தெரியல?"

"மொதல்ல மின்னல் மாதிரி அடிச்சுது. வெல்டிங் வெளிச்சம்னு நினைச்சேன். அப்புறம் ஓரத்துலேருந்து கறுப்பா ஒரு திரை இறங்குச்சு. சண்டை முடியட்டும், போய்க் காட்டிக்கலாம்னு..."

"அப்ப நான் அடிச்சதெல்லாம்? வேகம் கூடிருச்சுன்னு சொன்னீங்களே?"

"கூடித்தான் இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து அவனை மரியாதை குறைத்துப் பேசாதவள், கட்டிலின் இரும்புக் காலைப் பிடித்து உலுக்கினாள். "தெரிஞ்சுக்கிட்டே நின்னியாடா? தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பக்கத்தையே காட்டிக்கிட்டு நின்னியா? என்னைக் கேட்டியா? ஒரு வார்த்தை கேட்டியா? ஊரெல்லாம் உன்னைத் தியாகின்னு சொல்லும். அடிச்சது யாரு கை? இந்தக் கைடா! என் கைய வெச்சு உன் கண்ணப் புடுங்கிட்டியேடா, பாவி!"

நர்ஸ் ஓடிவந்தாள். வெல்டர் தலையைத் தூக்கப் பார்த்தான். நர்ஸ் அவன் பிடரியை அழுத்தி மறுபடி படுக்கவைத்தாள்.

"நான் சண்டைக்குப் போகல" என்றாள் சம்மட்டி.

"போகலேன்னா," என்றது தலையணைக்குக் கீழிருந்து வந்த குரல், "நான் எழுந்து வந்து உன்னைக் கொன்னுடுவேன். சத்தியமாச் சொல்றேன். ஒரு கண்ணு போதும் எனக்கு, அதுக்கு."

அவள் அவனை மன்னிக்கவில்லை. ஆனால் போனாள். அவனுக்காகத்தான் போகிறேன் என்று பயிற்சிக்கூடத்துக்காரரிடம் சொன்னாள். அது முழு உண்மையில்லை என்பது அவளுக்குத் தெரியும். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போதே, படியிறங்கும் கால்கள் சாம்பியனைச் சுற்றி வரும் கணக்கில்தான் இறங்கின. தன்னை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

எடைபோடும் நாளுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்தினாள். பிளாஸ்டிக் உடை மாட்டிக்கொண்டு வெந்நீர் ஆவி நிரம்பிய குளியலறையில் கயிறு தாண்டிக் குதித்தாள். அப்படியும் எடை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. பயிற்சிக்கூடத்துக்காரர் கத்தரிக்கோலை எடுத்துவர, முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். தராசு முள் சரியான இடத்தில் நின்றது.

மேடையில் முதல் மணி அடித்ததுமே சாம்பியன் வேலையைத் தொடங்கிவிட்டாள். மாமியார் அடித்த தோள் உயர மறுத்தது. அந்தத் திறந்த பக்கத்தைச் சாம்பியன் மோப்பம் பிடித்துவிட்டாள். இரண்டாவது ரவுண்டில் மூக்கு உடைந்தது. தையல் போட்ட புருவம் பிரிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. சம்மட்டி சரியாக உயராத அந்த இடது கையால் மட்டும் சமாளித்துக்கொண்டிருந்தாள். வலது கை தாடைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அதை விடவேண்டிய இடம் வரும்போதெல்லாம் தலையணை ஓட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"வலது! வலது எங்கம்மா? வீட்ல வெச்சுட்டு வந்தியா?" என்று மூலையில் பயிற்சிக்கூடத்துக்காரர் மூக்கில் பஞ்சைத் திணித்தபடி கத்தினார். அவள் வாய் கொப்பளித்துத் துப்பினாள். வாளியில் சிவப்பு.

ஐந்தாவது ரவுண்டில் சாம்பியனின் இடது கை வயிற்றில் இறங்கி, அடுத்த நொடியே கன்னத்தில் ஏறியது. அவள் முகம் தரையில் மோதியது. விளக்குகள் வெள்ளையாக விரிந்தன. நடுவர் விரலை விட்டு எண்ணுவது தூரத்தில் யாரோ பேசுவது போலக் கேட்டது. அப்போது அவளுக்குள் எழுந்தது வீட்டு ஞாபகமோ கணவன் ஞாபகமோ இல்லை. வெறும் கோபம். தன்னைக் கேட்காமல் கண்ணைக் கொடுத்தவன்மேல், கம்பியால் அடித்தவள்மேல், உடைந்த தாடைமேல், எல்லாவற்றுக்கும்மேல் இத்தனைக்கும் பிறகும் இந்தப் பட்டம் வேண்டும் என்று அடம்பிடிக்கும் தன்மேலேயே. எழுந்தாள். சாம்பியன் முடித்துவிட நெருங்கி வந்தாள்.

சம்மட்டி வலது கையை விட்டாள்.

அது போய் இடது கண்ணில் உட்கார்ந்தது. சாம்பியன் ஒரு அடி பின்னால் போனாள். மறுபடி அதே இடம். அடுத்த ரவுண்டு முடிவதற்குள் அந்தக் கண் பழம்போல் வீங்கி மூடத் தொடங்கியது. சாம்பியனின் மூலையில் அவளுடைய தங்கை ஐஸ் வைத்து அழுத்திக்கொண்டே, "அக்கா, என்னைப் பாரு, என் விரல் தெரியுதா?" என்று கேட்பது இந்தப் பக்கம் வரை கேட்டது.

மணி அடித்து மூலையிலிருந்து வந்தபோது சாம்பியன் முகத்தை இடப்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல கண்ணை அந்தப் பக்கத்துக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். பட்டறை முற்றத்தில் கடைசி வாரங்களில் ஒருவன் இப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தான். அது புது உத்தி என்று சம்மட்டி அப்போது நினைத்திருந்தாள். இப்போது அந்த மூடிய இமைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அந்த அரங்கத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். வயிற்றில் அடிக்கலாம். விலாவில் அடிக்கலாம். இரண்டும் திறந்துதான் இருந்தன.

அவள் கண்ணில்தான் அடித்தாள். இன்னொன்று. இன்னொன்று. சாம்பியன் வருவதே தெரியாமல் வாங்கினாள். கயிற்றில் சாய்ந்தாள், கைகள் தொங்கின. இன்னும் இரண்டு. நடுவர் இடையில் பாய்ந்து சம்மட்டியை மார்போடு கட்டி இழுத்துக்கொண்டு போனபோதும் அவள் வலது கை காற்றில் அடித்துக்கொண்டே இருந்தது.

பட்டத்தின் பெல்ட்டை இடுப்பில் கட்டும்போது அவள் வாளியைக் கேட்டாள். குனிந்து வாந்தி எடுத்தாள். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

வீட்டில் வெல்டர் குப்புறக் கிடந்தபடியே அந்தச் சண்டையைக் கேட்டான். கைப்பேசியைப் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், பார்த்துச் சொல்லும் வேலை மாமியார் தலையில் விழுந்தது. முதலில் மாட்டேன் என்றாளாம். பிறகு, "ம், நிக்கிறா. ம், அடி வாங்குறா. வாங்கட்டும்" என்று செய்தி வாசித்தாளாம். மருமகள் விழுந்ததும் பேச்சு நின்றுவிட்டது. "என்னம்மா ஆச்சு? சொல்லும்மா!" என்று இவன் தலையணைக்குள் கத்த, அவள் எழுந்து நின்று, "எழுந்திருடீ! எழுந்திருச்சு அடிடீ அவள!" என்று அலறியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டினார்களாம். இதையெல்லாம் பிறகு வெல்டர்தான் சொன்னான். மாமியார் இன்றைக்கும் ஒத்துக்கொள்வதில்லை.

மறுநாள் சம்மட்டி வீட்டுக்கு வந்தாள். முகம் யாருடையதோ போல இருந்தது. மகள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தாள். மாமியார் கதவருகே நின்று மருமகளை மேலும் கீழும் பார்த்தாள். பெல்ட்டைப் பார்க்கவில்லை.

"அந்தப் பொண்ணு கண்ணு என்னாச்சு?"

"தெரியல அத்தை."

"அந்த ஒரே கண்ணுல அத்தனை அடி. நான் பாத்தேன்."

சம்மட்டி பெல்ட்டைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். மாமியார் வெந்நீர் வைத்துக்கொண்டு வந்து, துணியை நனைத்து, அவள் முகத்தில் காய்ந்துகிடந்த ரத்தத்தைத் துடைத்தாள். மென்மையாக ஒன்றும் துடைக்கவில்லை. வலிக்கும்படிதான் துடைத்தாள்.

சில நாள் கழித்து விசாரித்ததில் தெரிந்தது: சாம்பியனாக இருந்தவளுக்குக் கண்குழி எலும்பு உடைந்து தகடு வைத்திருக்கிறார்கள். பார்வை தப்பித்தது. சம்மட்டி தொலைபேசியில் பேசப் பார்த்தாள். தங்கை எடுத்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி திட்டிவிட்டு வைத்துவிட்டாள். அவள் மறுபடி அழைக்கவில்லை.

வெல்டருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கட்டுப் பிரித்த நாளில் டாக்டர் விளக்கைக் காட்டினார். வெளிச்சம் தெரிகிறது என்றான். விரலைக் காட்டினார். "எங்க, டாக்டர்?" என்றான். ஒற்றைக் கண்ணில் ஆழம் பிடிபடாமல் வெல்டிங் கம்பி தப்பான இடத்தில் இறங்கியது. பட்டறையில் அவனை இரும்பு அறுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். அவன் செய்த இரும்பு கேட்டுகள் அந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கின்றன.

முற்றத்தில் நட்டிருந்த நான்கு குழாய்களையும் அவள் தன் கையாலேயே அடித்துப் பிடுங்கிப்போட்டாள். அவன் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த சண்டைக்கு என்ன செய்வே?"

"ஆள் தேடிக்குவேன். நீங்க வேணாம்."

"இன்னும் கோவமா?"

"சாகுற வரைக்கும்."

அவன் தலையாட்டினான். "ஒண்ணு கேக்குறேன், நிஜத்தச் சொல்லு. பெல்ட்டக் கட்டினப்ப சந்தோஷமா இருந்துச்சா?" என்றான்.

அவள் கையிலிருந்த சம்மட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மூக்குக் கோணி, தழும்பேறிய அந்த முகத்தை அவன் நல்ல கண்ணால் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருந்துச்சு" என்றாள். "வாந்தி எடுத்துக்கிட்டே சந்தோஷப்பட்டேன். இப்பவும் சந்தோஷமாத்தான் இருக்கு. அதைத்தாங்க என்னால தாங்க முடியல."

வெல்டர் எழுந்து வந்தான். பிடுங்கிய குழாய் ஒன்றின் முனையை அவன் பிடிக்க, மறுமுனையை அவள் பிடிக்க, இருவருமாகத் தூக்கிப் பழைய இரும்புக் குவியலில் போட்டார்கள்.